நான் கால் வைக்காத மாநிலத்துக்கு நான் ஏன் வரி வசூலித்துத் தர வேண்டும்?

தறி_நாடா:
நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு சொந்த இணையதளத்தில் கைத்தறிப் புடவை, துணிப்பை, மேசை விரிப்பு விற்கிறேன். கொஞ்சம் சரக்கு ஒரு பெரிய விற்பனைத் தளம் வழியாகவும் போகிறது. போன வாரம் ஒரு மாநில வரித்துறையிலிருந்து கடிதம். அந்த மாநிலத்தை நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. எங்கள் மக்களுக்கு எவ்வளவு விற்றீர்கள், எத்தனை பார்சல் அனுப்பினீர்கள், ஏன் இன்னும் பதிவு செய்யவில்லை என்று நீளமாகக் கேள்விகள். எந்த மாநிலம் என்று சொல்லவில்லை, வம்பு வேண்டாம்.

பதில் எழுத ஆள் பிடித்துக்கொள்வேன், அது வேறு. இங்கே கேட்பது நியாயத்தைப் பற்றி. அங்கே எனக்குக் கடை இல்லை, கிடங்கு இல்லை, வேலையாள் இல்லை, ஓட்டும் இல்லை. இந்த விற்பனை வரியைக் கட்டுவது வாங்குகிறவர். அதை வசூலித்து, கணக்கு எழுதி, மாதாமாதம் அனுப்புவது நான், அதுவும் சம்பளம் இல்லாமல். இது எந்த ஊர் நியாயம்?

சாமான்கடை_அண்ணாச்சி:
தங்கச்சி, கோபம் புரிகிறது. கல்லாவுக்கு இந்தப் பக்கம் வந்தும் ஒரு நிமிடம் நில்லுங்கள். சிகாகோ பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். நகரத்துக்குள் விற்றால் எல்லா வரியும் சேர்ந்து பத்து சதவீதத்தைத் தாண்டிவிடும். 2018இல் உச்ச நீதிமன்றம் வெளி மாநில விற்பனையாளரும் வரி வசூலிக்கலாம் என்று விதியை மாற்றுவதற்கு முன்னால் என்ன நடந்தது தெரியுமா? மிக்சியைத் தூக்கிப் பார்ப்பார்கள், ஜாரைத் திறந்து பார்ப்பார்கள், இட்லிக்கு அரைபடுமா என்று என்னிடம் அரை மணி நேரம் பேசுவார்கள். அப்புறம் என் கடைக்குள்ளேயே நின்று போனில் ஆர்டர் போடுவார்கள். 300 டாலர் மிக்சியில் 30 டாலர் மிச்சம். விலையில் நான் தோற்கவில்லை, வரியில் தோற்றேன்.

சம்பளம் என்றீர்களே, வசூலித்துக் கொடுப்பதற்கு இல்லினாய்ஸ் 1.75 சதவீதம் கழிவு தருகிறது. கார்டு கம்பெனி வரித் தொகைக்கும் சேர்த்துக் கட்டணம் பிடிக்கிறான், அதற்கே அது காணாது. நான் இத்தனை வருடம் செய்த வேலையைத்தான் உங்களையும் செய்யச் சொல்கிறார்கள்.

மூன்றாம்பெஞ்சு_வக்கீல்:
முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். "ஆன்லைனுக்குப் புதிதாக வரி போட்டார்கள்" என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வரி எப்போதும் இருந்தது. 1930களின் பெருமந்தத்தில் மாநிலங்கள் விற்பனை வரியைக் கொண்டு வந்தபோதே, மக்கள் எல்லை தாண்டிப் போய் வாங்குவார்கள் என்று தெரிந்து, பயன்பாட்டு வரி என்று ஒன்றையும் பக்கத்தில் வைத்தார்கள். வெளி மாநிலக் கடை வரி பிடிக்கவில்லையா, வாங்கியவர் தானே கணக்குச் சொல்லிக் கட்ட வேண்டும். பல மாநிலங்களின் வருமான வரிப் படிவத்தில் அதற்கு ஒரு வரிசையே இருக்கிறது. அதில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண்ணை எழுதிய ஒரு மனிதரை இந்தக் குழுவில் காட்டுங்கள் பார்ப்போம்.

ஆக, சண்டை வரியைப் பற்றியது இல்லை. யார் கையால் அது வசூலாக வேண்டும் என்பதைப் பற்றியது. 1967இல் நேஷனல் பெல்லாஸ் ஹெஸ் என்ற தபால்வழி விற்பனை நிறுவனத்தின் வழக்கு. இல்லினாய்ஸில் அதற்கு ஒன்றுமே இல்லை, கேட்லாக் மட்டும் தபாலில் போகும். உச்ச நீதிமன்றம், இவர்களை வசூலிக்கச் சொல்ல முடியாது என்றது. 1992இல் குவில் வழக்கு. வடக்கு டகோட்டாவில் ஏறத்தாழ மூவாயிரம் வாடிக்கையாளர்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்குக் கொஞ்சம் குறைவாக எழுதுபொருள் விற்ற நிறுவனம். அப்போதும் நீதிமன்றம் பழைய விதியைத் தொடவில்லை: மாநிலத்துக்குள் ஆளோ இடமோ இருந்தால்தான் வசூலிக்கும் கடமை. மாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றமான காங்கிரஸ் மாற்றிக்கொள்ளட்டும் என்று பந்தை அந்தப் பக்கம் தட்டிவிட்டது.

அந்த வழக்கில் வடக்கு டகோட்டாவின் வரி ஆணையராக இருந்தவர் ஹெய்டி ஹெய்ட்கேம்ப். பின்னாளில் செனட்டர் ஆகி, 2013இல் இதை மாற்றும் மசோதாவையே முன்னின்று கொண்டு வந்தவர்களில் ஒருவர். செனட்டில் 69க்கு 27 என்று நிறைவேறியது. கீழவை அதைத் தொடவே இல்லை.

போர்ட்லாந்து_மழை:
ஓரிகனில் விற்பனை வரியே கிடையாது. இங்கே ஒன்பது தடவை மக்கள் ஓட்டுக்கு விட்டார்கள், ஒன்பது தடவையும் வேண்டாம் என்றார்கள். அலாஸ்கா, டெலவேர், மொண்டானா, நியூ ஹாம்ப்ஷயர், நாங்கள் என்று மாநில அளவில் விற்பனை வரி இல்லாதவை ஐந்து. மரச்சாமான் செய்து விற்கிற என் நண்பர் தன் வாழ்நாளில் விற்பனை வரிப் படிவத்தைப் பார்த்ததில்லை. இப்போது மற்ற 45 மாநிலங்களின் விதியையும் அவர் படிக்க வேண்டும். அண்ணாச்சி தன் ஊர் வரியைத் தன் ஊருக்கு வசூலிக்கிறார். இவர் எந்த ஊருக்கு வசூலிக்கிறார்?

நியூ ஹாம்ப்ஷயர்காரர்கள் 2019இல் சட்டமே போட்டார்கள். எங்கள் கடைக்காரரிடம் வெளி மாநிலம் வரி வசூலிக்கச் சொன்னால் முதலில் எங்கள் நீதித்துறைக்குத் தகவல் சொல்லு என்று. சபாஷ் என்றுதான் தோன்றியது.

பைட்_பாண்டி:
எல்லாரும் 1967லேயே நிற்கிறீர்கள். முகவரியைக் கொடுத்தால் வரி விகிதத்தைத் திருப்பித் தரும் மென்பொருள் எத்தனையோ இருக்கிறது. கார்ட்டில் செருகினால் முடிந்தது. கேட்லாக் காலத்தில் அது சுமை, ஒப்புக்கொள்கிறேன். இன்றைக்கு அது நாலு வரி கோட்.

வரிக்கணக்கர்:
பாண்டி, அந்த நாலு வரியை எழுதிக் கொடுத்துவிட்டு நீங்கள் போய்விடுவீர்கள். மிச்சத்தைப் பார்க்கிறவன் நான். டெக்சஸில் இதுதான் என் பிழைப்பு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விகிதம் கண்டுபிடிப்பது இதில் எளிதான பகுதி. அதிலும் ஜிப் கோடை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, ஒரே ஜிப்புக்குள் இரண்டு நகர எல்லை வரும். நாட்டில் வரி போடும் அமைப்புகள், மாநிலம், கவுண்டி, நகரம், சிறப்பு மாவட்டம் எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்கு மேல். சரி, அதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்றே வைப்போம். இந்தப் பொருள் எந்த வகை என்று அதற்குச் சொல்ல வேண்டியது யார்? விற்பவர்.

தறி அம்மாவின் சரக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சியில் உடைக்கு வரி இல்லை. எனவே புடவைக்கு இல்லை, துணிப்பைக்கு உண்டு, மேசை விரிப்புக்கு உண்டு. நியூ யார்க்கில் 110 டாலருக்குக் குறைந்த உடைக்கு மாநிலத்தின் 4 சதவீதம் இல்லை, ஆனால் கவுண்டி தன் பங்கை விடுமா என்பது கவுண்டிக்குக் கவுண்டி மாறும். மாசசூசெட்ஸில் வரம்பு 175 டாலர். பென்சில்வேனியாவில் உடைக்கு வரி இல்லை, ஆனால் விசேஷங்களுக்கு உடுத்தும் ஆடம்பர உடைக்கு உண்டு, கல்யாணக் கவுனும் அதில் வரும். அப்படியானால் முகூர்த்தப் பட்டு என்ன கணக்கு? பாண்டியின் மென்பொருளிடம் கேட்டுச் சொல்லுங்கள், எனக்கும் உதவும்.

இது நான் கட்டிவிடும் கதை இல்லை. 2018 தீர்ப்பில் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பே இப்படி ஒரு பட்டியல் போடுகிறது. நியூ ஜெர்சியில் ஸ்வெட்டர் பின்ன வாங்கும் நூலுக்கு வரி இல்லை, கலைப் பொருள் செய்ய வாங்கினால் உண்டு. இல்லினாய்ஸில் இரண்டு சாக்லேட்டில் டிவிக்ஸ் உணவு, ஸ்னிக்கர்ஸ் மிட்டாய், வரி வேறு. ஏனென்றால் முதலாவதில் மாவு இருக்கிறது.

சாமான்கடை_அண்ணாச்சி:
டிவிக்ஸ், ஸ்னிக்கர்ஸ் இரண்டும் என் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நான் அதைக் கற்றுக்கொள்ளவில்லையா?

வரிக்கணக்கர்:
நீங்கள் ஒரு மாநிலத்துக்குக் கற்றுக்கொண்டீர்கள் அண்ணாச்சி. அதுதான் வித்தியாசம்.

தாக்கல் செய்வதும் இருக்கிறது. ஒரு மாநிலத்தில் பதிவு செய்துவிட்டால் அந்தக் காலாண்டில் ஒரு துணிப்பைகூட விற்காவிட்டாலும் பூஜ்யக் கணக்கு போட வேண்டும். கொலராடோவில் டென்வர் மாதிரித் தன்னாட்சி நகரங்கள் தங்கள் வரியைத் தாங்களே வசூலித்துக்கொள்ளும், விதியும் அவர்களுடையது. சில மாநிலங்கள் கொஞ்சம் இறங்கி வந்திருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். அலபாமாவில் வெளி விற்பனையாளர் விரும்பினால் மாநிலம் முழுவதற்கும் ஒரே 8 சதவீதம் பிடித்துக் கட்டிவிடலாம். எங்கள் டெக்சஸில் ஊருக்கு ஊர் விகிதம் தேடாமல் உள்ளூர்ப் பங்காக 1.75 சதவீதம் என்று ஒரே எண்ணைத் தேர்ந்துகொள்ளலாம். எல்லாரும் இப்படிச் செய்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

மூன்றாம்பெஞ்சு_வக்கீல்:
2018 பேச்சு வந்துவிட்டதால் அதையும் முடித்துவிடுகிறேன். தெற்கு டகோட்டாவில் தனிநபர் வருமான வரி கிடையாது, மாநிலம் பெரும்பாலும் விற்பனை வரியில்தான் ஓடுகிறது. ஆண்டுக்கு 4.8 கோடி முதல் 5.8 கோடி டாலர் வரை நழுவுகிறது என்று கணக்குக் காட்டினார்கள். 2016இல் குவில் தீர்ப்பை உடைப்பதற்கென்றே ஒரு சட்டம் எழுதினார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் விற்பனை, அல்லது 200 விற்பனைகள், இதில் எதைத் தாண்டினாலும் வசூலிக்க வேண்டும். தங்கள் மாநில நீதிமன்றத்தில் தோற்போம் என்று தெரிந்தே போனார்கள், தோற்றார்கள், உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார்கள். எதிர்த் தரப்பில் வேஃபேர், ஓவர்ஸ்டாக், நியூஎக் என்ற இணைய விற்பனை நிறுவனங்கள். 2018 ஜூன் 21, ஐந்துக்கு நான்கு. நீதிபதி கென்னடி எழுதினார், குவில் போனது.

எனக்குப் பிடித்தது நீதிபதி தாமஸ். 1992இல் குவில் பக்கம் நின்றவர், 26 வருடம் கழித்து அதை உடைக்கும் பக்கம் நின்று, அன்றைக்கு நான் நீதிபதி வைட்டின் மாறுபட்ட கருத்தோடு சேர்ந்திருக்க வேண்டும் என்று தனியாக எழுதிவைத்தார். மறுபக்கம் ராபர்ட்ஸ், மாற்றம் தேவையாக இருக்கலாம், ஆனால் அது காங்கிரஸின் வேலை என்றார். சட்டப்படி எனக்கு ராபர்ட்ஸ் சொல்வதுதான் சரி. ஆனால் அந்தக் காங்கிரஸ் இருபத்தைந்து வருடமாக என்ன செய்துகொண்டிருந்தது?

போர்ட்லாந்து_மழை:
மளிகைக் கடைகளுக்காகத்தான் இத்தனையும் என்று நம்புகிறீர்களா? அமேசானைப் பிடிக்கக் கிளம்பியவர்கள் கடைசியில் பிடித்தது எங்களை.

பைட்_பாண்டி:
அமேசான் கதையைச் சியாட்டில்காரன் நான் சொல்ல வேண்டும். அதன் நிறுவனர் பெசோஸ் வாஷிங்டன் மாநிலத்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் இங்கே மக்கள்தொகை குறைவு. மாநிலத்துக்குள் வாங்குபவரிடம்தான் வரி பிடிக்க வேண்டும், எனவே சின்ன மாநிலமே நல்லது. சான் பிரான்சிஸ்கோ அருகே பழங்குடியினர் நிலத்தில் நிறுவனத்தை வைக்க முடியுமா என்றுகூட விசாரித்தாராம், 1996இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் அவரே சொன்னது.

நியூ யார்க் 2008இல் ஒரு வழி கண்டுபிடித்தது. உள்ளூர் வலைப்பதிவர் தன் பக்கத்தில் அமேசான் இணைப்பு போட்டுக் கமிஷன் வாங்குகிறார் என்றால், அவர்தான் மாநிலத்துக்குள் இருக்கும் உன் ஆள் என்றது. உடனே மற்ற மாநிலங்களும் அதையே நகலெடுத்தன. அமேசான் என்ன செய்தது? ரோட் ஐலண்ட், வட கரோலினா, இல்லினாய்ஸ், கலிஃபோர்னியா என்று மாநிலம் மாநிலமாக அந்தக் கமிஷன் ஆட்களை ஒரே கடிதத்தில் வெட்டிவிட்டது. இல்லினாய்ஸில் ஃபேட்வாலெட் என்ற கூப்பன் தளம் பிழைப்பைக் காப்பாற்ற மாநில எல்லையைத் தாண்டி விஸ்கான்சினில் பெலாய்ட்டுக்கு மொத்தமாகக் குடிபெயர்ந்தது.

சாமான்கடை_அண்ணாச்சி:
அந்த இல்லினாய்ஸ் சட்டத்தை 2013இல் எங்கள் மாநில உச்ச நீதிமன்றமே தூக்கி எறிந்தது. அதே ஆண்டு நியூ யார்க்கில் அதே மாதிரிச் சட்டம் செல்லும் என்றார்கள். எங்களுக்கு அதிர்ஷ்டம் அவ்வளவுதான்.

வரிக்கணக்கர்:
டெக்சஸில் நடந்ததுதான் இந்த வழக்குகளுக்குள் உண்மையில் என்ன ஓடியது என்று காட்டும். டல்லாஸ் பக்கம் இர்விங்கில் அமேசானுக்குக் கிடங்கு இருந்தது. அது துணை நிறுவனத்தினுடையது, எங்களுடையது இல்லை என்றார்கள். 2010இல் மாநிலம் 26.9 கோடி டாலருக்குச் சீட்டு அனுப்பியது. கிடங்கை மூடுவோம் என்று மிரட்டி, மூடவும் செய்தார்கள். 2012இல் சமரசம். ஜூலை 1 முதல் வரி வசூலிப்போம், 2,500 வேலை தருவோம், 20 கோடி டாலர் முதலீடு செய்வோம் என்று கையெழுத்து. கலிஃபோர்னியாவிலும் அதே காட்சிதான், 2012 செப்டம்பரிலிருந்து.

ஏன் திடீரென்று மனம் மாறியது? நாளைக்கே பொருள் கையில் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்கத் தொடங்கிவிட்டார். அதற்கு ஊருக்கு ஊர் கிடங்கு வேண்டும். கிடங்கு வைத்தால் குவில் பாதுகாப்பு போய்விடும். வரி இல்லாத லாபத்தைவிட வேகமான டெலிவரி பெரிதாகிவிட்டது. 2013 மசோதாவை அமேசான் ஆதரித்தது, எதிர்த்து விற்பனையாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது ஈபே. 2017 ஏப்ரலில் விற்பனை வரி உள்ள எல்லா மாநிலங்களிலும் அமேசான் தன் சொந்தச் சரக்குக்கு வசூலிக்கத் தொடங்கியது. அதாவது வேஃபேர் தீர்ப்பு வருவதற்கு ஓராண்டு முன்பே அவர்கள் இந்தச் சண்டையிலிருந்து வெளியேறிவிட்டார்கள்.

தீர்ப்புக்குப் பிறகு மாநிலங்கள் இன்னொன்றும் செய்தன. தளத்தில் மூன்றாம் ஆள் விற்றாலும் வரியைத் தளமே பிடித்துக் கட்ட வேண்டும் என்று சட்டம். விற்பனை வரி உள்ள எல்லா மாநிலங்களிலும் இன்று அது இருக்கிறது, கடைசியாக வந்தது மிசௌரி, 2023 ஜனவரியில். மாநிலத்துக்கு வசதி, நூறாயிரம் சிறு விற்பனையாளர்களைத் துரத்த வேண்டாம், நாலைந்து தளங்களைப் பார்த்தால் போதும். ஆனால் விளைவைப் பாருங்கள். தளத்தில் விற்றால் தறி அம்மாவுக்கு வரித் தலைவலி இல்லை. சொந்த இணையதளத்தில் விற்றால் 45 மாநிலங்களின் தலைவலி. அமேசானிடமிருந்து சின்னக் கடையைக் காப்பாற்றப் போகிறோம் என்று கிளம்பிய சட்டம், சொந்தமாகக் கடை வைத்திருப்பவரை அமேசானுக்குள் கொண்டுபோய்த் தள்ளுகிறது. என் புகார் இது ஒன்றுதான். வரி வேண்டாம் என்பதில்லை.

தறி_நாடா:
இதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் தளத்தில் விற்கிற புடவையில்தான் நெய்தவரைப் பற்றி எழுத முடிகிறது, விலையை நானே வைக்க முடிகிறது. அந்தப் பெரிய தளத்தில் கமிஷன் போக மிஞ்சுவது பாதி.

கோவை_ஜிஎஸ்டி:
ஊரிலிருந்து எழுதுகிறேன், குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்களுக்கும் முன்பு இந்தத் தகராறு வேறு உருவில் இருந்தது. மத்திய விற்பனை வரிக் காலத்தில் மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் வரி விற்கும் மாநிலத்துக்கு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் அது வாங்கும் மாநிலத்துக்குப் போனது. உற்பத்தி மாநிலம் என்பதால் தமிழ்நாடு இதை எதிர்த்ததும், 2016 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அதிமுக வெளிநடப்பு செய்ததும் நினைவிருக்கும். ஆனால் நான் திருப்பூர் பனியனை அஸ்ஸாமுக்கு அனுப்பினாலும் தாக்கல் செய்வது ஒரே போர்ட்டலில். பிரித்துக்கொள்வது அவர்கள் பாடு. அங்கே ஏன் அப்படி ஒன்றைக் கட்டவில்லை?

மூன்றாம்பெஞ்சு_வக்கீல்:
இங்கே மத்திய அரசுக்கு விற்பனை வரியே கிடையாது, அதனால் நடுவில் அமர்ந்து பங்கு பிரிக்க ஆள் இல்லை. மாநிலங்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டுப் பார்த்தன, 2005இல் நடைமுறைக்கு வந்தது. ஒரே வரையறைகள், ஒரே பதிவு, சான்று பெற்ற மென்பொருள் நிறுவனம் கணக்கிட்டுத் தரும் செலவை மாநிலமே ஏற்கும். 24 மாநிலங்கள் சேர்ந்தன. கலிஃபோர்னியா, டெக்சஸ், நியூ யார்க், ஃபுளோரிடா, இல்லினாய்ஸ் சேரவில்லை. அதாவது அதிகம் பேர் வாங்குகிற இடங்கள் எல்லாம் வெளியே. தெற்கு டகோட்டா உறுப்பினர். கென்னடி அந்தச் சட்டத்தைப் பாராட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். சின்ன விற்பனையாளருக்கு வரம்பு, முன்தேதியிட்டு வசூல் இல்லை, இந்த ஒப்பந்தம் என்று மூன்றையும் சொன்னார். சேராத மாநிலங்கள் வரம்பை நகலெடுத்துக்கொண்டன, ஒப்பந்தத்தை விட்டுவிட்டன.

போர்ட்லாந்து_மழை:
அந்த வரம்பையும் ஒழுங்காக எடுக்கவில்லை. 200 விற்பனை என்றால் என்ன? 15 டாலர் பொருளை 200 பேருக்கு விற்றால் 3,000 டாலர். அதற்கு ஒரு மாநிலத்தில் பதிவா?

வரிக்கணக்கர்:
அது பெரிய அபத்தம், மறுக்கவில்லை. இப்போது சரியாகிக்கொண்டு வருகிறது. தெற்கு டகோட்டாவே 2023 ஜூலையில் அந்த 200ஐ நீக்கிவிட்டது, வேறு பல மாநிலங்களும் நீக்கின. கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் வரம்பு ஐந்து லட்சம் டாலர். எனவே தறி அம்மா, கடிதம் வந்ததாலேயே கட்ட வேண்டும் என்று அர்த்தமில்லை. முதலில் அந்த மாநிலத்தின் இன்றைய வரம்பைப் பாருங்கள். பெரிய தளம் வழியாகப் போன விற்பனையையும் அந்த வரம்பில் சேர்க்க வேண்டுமா என்று பாருங்கள், மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வரி இல்லாத பொருளும் கணக்கில் வருமா என்பதும் அப்படியே. சில இடங்களில் மொத்த விற்பனையைப் பார்ப்பார்கள், சில இடங்களில் வரிக்குரியதை மட்டும். அப்புறம், கடிதத்துக்குப் பதில் போடாமல் மட்டும் இருக்காதீர்கள்.

தறி_நாடா:
புரிந்தமாதிரிச் சொல்லிப் பார்க்கிறேன். புடவைக்கு வரி இல்லாத மாநிலத்திலும் புடவை விற்ற தொகை வரம்பைத் தாண்டவைக்கும். தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தால் துணிப்பைக்கு வரி பிடிக்க வேண்டும். துணிப்பை நான் விற்பதே புடவையோடு சேர்த்து வாங்குகிறவர்களுக்காக.

வரிக்கணக்கர்:
மொத்த விற்பனையைப் பார்க்கிற மாநிலங்களில், ஆமாம்.

சாமான்கடை_அண்ணாச்சி:
தங்கச்சி, அந்தத் துணிப்பை மொத்த விலைக்குக் கிடைக்குமா? கடைக்கு வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு அனுப்பிவிடுங்கள், இல்லினாய்ஸ் வரியை நான் பிடித்துக் கட்டிக்கொள்கிறேன். எனக்குத்தான் பழக்கமாயிற்றே.

தறி_நாடா:
கிடைக்கும் அண்ணாச்சி. தனிமடலில் விலை அனுப்புகிறேன்.

வரிக்கணக்கர்:
அனுப்புவதற்கு முன்னால் அண்ணாச்சியிடம் மறுபடி விற்கத்தான் வாங்குகிறேன் என்ற மறுவிற்பனைச் சான்றிதழ் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கடிதம் இல்லினாய்ஸிலிருந்து வரும்.